குழலும் கண்ணும் ஒத்துப்போகும் இடம்

போரூர்ப் பக்கமிருந்து டிரங்க் ரோட்டில் வருபவர்கள் கரையான்சாவடியில் வலப்பக்கம் திரும்பினால் ஆவடி சாலை. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆவடி. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன் என்று வரிசை நீண்டது.

டி-90 டாங்கியின் பீரங்கிக் குழல் கான்பூரில் உருவாகிறது. டாங்கிகளுக்கான குறிபார்க்கும் கருவிகள் டேராடூனில் தயாராகின்றன. ஒன்றை இன்னொன்று முதன்முதலாகச் சந்திப்பது ஆவடியில். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. ஆனால், மாட்டிய கையோடு சுட்டால் கண் பார்த்த இடத்தில் குண்டு போய் விழாது. இரண்டையும் ஒத்துப்போக வைக்கத் தனியாக ஒரு வேலை செய்தாக வேண்டும்.

புதிதாக வாங்கிய ரைபிளுக்கும் அதன் தலையில் மாட்டிய புது ஸ்கோப்புக்கும் இதே நிலைதான். ரேஞ்சில் இந்த வேலையை ‘ஜீரோ பண்றது’ என்பார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது ஏதோ திருகாணி வேலை போலத் தோன்றும். நாலு குண்டு சுடுகிறார், ஸ்கோப்பின் மேல் ஒரு குமிழைத் திருகுகிறார், மறுபடி சுடுகிறார். உண்மையில் இதில் பாதி இயற்பியல், மீதிப் பாதி புள்ளியியல். இயற்பியலைப் பலர் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். சறுக்குவது புள்ளியியலில்தான்.

ஒரு நேர்கோடு, ஒரு வளைகோடு

முதலில் இயற்பியல். ஸ்கோப் வழியாகப் பார்க்கும் பார்வை நேர்கோட்டில் போகிறது. ஒளி வளையாது, இறங்காது. குண்டு அப்படியல்ல. குழலின் வாயை விட்டு வெளியேறிய நொடியிலேயே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாகப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. வேகம் கூடினால் போய்ச் சேரும் நேரம் குறையும், விழும் அளவும் குறையும், அவ்வளவே.

கிளப் ரேஞ்சுகளில் 50 மீட்டர் சுடப் பயன்படும் .22 ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 2.6 கிராம் எடை, நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகம். 50 மீட்டரைக் கடக்க நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் சுமார் 12 செ.மீ. விழுந்துவிடும். ராணுவ ரைபிளின் 7.62 மி.மீ. குண்டு இரண்டரை மடங்கு வேகத்தில் போகும். அதுவும் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 செ.மீ., 300 மீட்டரில் சுமார் 80 செ.மீ. இறங்கிவிடுகிறது. தூரம் மூன்று மடங்கானால் விழும் அளவு மூன்று மடங்கோடு நிற்பதில்லை. நேரத்தின் வர்க்கத்தோடு அது கூடுகிறது. போதாததற்குக் காற்றின் எதிர்ப்பு வேகத்தையும் குறைத்துக்கொண்டே வருகிறது.

பத்தே பத்து மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் ரைபிளில் இதெல்லாம் பொருட்டா என்று கேட்கலாம். அரை கிராம் எடையுள்ள அந்தப் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. பத்து மீட்டர் போவதற்குள் 17 மி.மீ. இறங்கும். டார்கெட்டின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ அரை மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பந்தயம் இதுதான். ஒலிம்பிக் வகை ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை. சிறு துளை வழியே பார்க்கும் சைட் மட்டுமே. ஆனால் அந்தச் சைட்டிலும் கிளிக் கிளிக்கென்று திருகும் குமிழ்கள் உண்டு. ஜீரோ பண்ணும் கணக்கும் அதேதான்.

ஸ்கோப் குழலுக்கு மேலே, சுமார் நாலைந்து செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, பார்வைக்கோடு மேலே தொடங்குகிறது, குண்டின் பாதை கீழே தொடங்குகிறது. குழலும் ஸ்கோப்பும் இணையாக இருந்தால் இரண்டு கோடுகளும் என்றைக்கும் சந்திக்காது. அதனால் பார்வைக்கோட்டோடு ஒப்பிட்டால் குழல் இம்மியளவு மேல்நோக்கி இருக்கும்படி அமைக்கிறோம். குண்டு கீழிருந்து கிளம்பிப் பார்வைக்கோட்டை ஒருமுறை வெட்டி மேலே போகிறது. பிறகு இறங்கி வந்து இன்னொரு முறை வெட்டுகிறது. 7.62 ரைபிளை 200 மீட்டருக்கு ஜீரோ செய்தால் முதல் வெட்டு ஏறக்குறைய 30 மீட்டரில், இரண்டாம் வெட்டு 200 மீட்டரில். நடுவில் குண்டு பார்வைக்கோட்டுக்குச் சில செ.மீ. மேலே போய் வருகிறது. குழலை விட்டு வந்ததும் குண்டு கொஞ்சம் எழும்பும் என்று ரேஞ்சில் சொல்லக் கேட்கலாம். குண்டு தானாக எழும்புவதில்லை. சாய்ந்திருக்கும் குழல்தான் அதை மேலே அனுப்புகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ‘இந்த ரைபிள் நேராகச் சுடும்’ என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. இந்தத் தோட்டாவோடு, இந்தத் தூரத்தில், இந்த உயரத்தில் மாட்டிய ஸ்கோப்பில் பார்த்தால் சரியாகப் படும் என்றுதான் சொல்ல முடியும்.

சுடுவதற்கு முன்னே பாதி வேலை

நல்ல கோச்சுகள் முதல் தோட்டாவைக் கையில் கொடுப்பதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை எடுக்கச் சொல்வார்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டொன்பது செ.மீ. இடைவெளி இருக்கிறதா, ஸ்கோப்பின் நெடுக்குக் கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். ரைபிளைச் சாயாமல் தாங்கியில் வைத்து, எதிர்ச் சுவரில் நூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் கோட்டை நூலோடு ஒட்டவைத்து வளையத்தை முடுக்க வேண்டியதுதான்.

சாய்வுக்கு இத்தனை கவனம் எதற்கு? குண்டு விழும் 12 செ.மீ.யைச் சரிக்கட்டத்தான் குழலை மேல்நோக்கி வைத்திருக்கிறோம். ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்தால் மேல்நோக்கியிருந்த அந்தச் சரிக்கட்டலில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பிவிடும். வெறும் 5 டிகிரி சாய்ந்தால் 50 மீட்டரில் குண்டு 1 செ.மீ.க்குச் சற்று மேல் பக்கமாகப் போய்விடும். அந்தத் தூரத்து டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ.தான். கண்ணுக்கே தெரியாத சாய்வு பத்தை ஒன்பதாக்கிவிடும்.

அடுத்து, கண் இருக்கும் இடம். மாநகரப் பேருந்தில் பக்கவாட்டு இருக்கையில் இருந்து ஓட்டுநரின் வேகமானியைப் பார்த்தால் முள் வேறோர் எண்ணில் நிற்பதாகத் தெரியும். முள்ளும் எண் பலகையும் ஒரே தளத்தில் இல்லாததுதான் காரணம். ஸ்கோப்புக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. டார்கெட்டின் பிம்பம் ஒரு தளத்திலும் குறுக்குக்கோடு இன்னொரு தளத்திலும் இருந்தால், கண்ணை லேசாக நகர்த்தினாலும் கோடு டார்கெட் மேல் நகர்வது போலத் தெரியும். ரைபிள் அசையாமலே குறி மாறிவிடும். ஸ்கோப்பில் பாரலாக்ஸ் திருகு இருந்தால் இரண்டு தளங்களையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கன்னத்தைக் கட்டையில் அதே இடத்தில் வைப்பது ஒன்றே வழி.

இதற்குப் பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைபிளை மணல் மூட்டைமேல் ஆடாமல் வைத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பார்க்க வேண்டும். தூரத்து டார்கெட் குழலின் வட்டத்துக்குள் சிறிதாகத் தெரியும். அதை நடுவில் நிறுத்திவிட்டு, ரைபிளைத் தொடாமல் ஸ்கோப்பின் குமிழ்களை மட்டும் திருகி, குறுக்குக்கோட்டையும் அதே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவாகாது. முதல் குண்டு காகிதத்தில் எங்காவது படும் என்பது இப்போது உறுதி. டாங்கிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பீரங்கியின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல்களைக் கட்டி, பின்னாலிருந்து குழல் வழியே பார்த்துத் தூரத்தில் ஒரு குறியோடு பொருத்துவார்கள். பிறகு சைட்டை அதே குறிக்குத் திருப்புவார்கள்.

ஐந்து ஓட்டைகள் சொல்வது

இனிதான் சுடுதல். சிவப்புக் கொடி ஏறி, எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வந்து, கட்டளை கேட்ட பிறகு, .22 ரைபிளால் 50 மீட்டரில் ஐந்து குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி, நடுப்புள்ளி. அடுத்து நடப்பதை ஓர் உதாரணக் கணக்கால் பார்ப்போம். காகிதத்தை எடுத்து வந்து அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஐந்து ஓட்டைகளும் நடுவுக்கு வலப்பக்கம் 3.1, 2.4, 3.8, 2.2, 3.5 செ.மீ. தள்ளி இருக்கின்றன. நடுவுக்குக் கீழே 4.6, 5.2, 3.9, 4.4, 4.4 செ.மீ. கூட்டி ஐந்தால் வகுத்தால் வலப்பக்கம் 3 செ.மீ., கீழே 4.5 செ.மீ. அதுதான் இந்தக் குரூப்பின் நடு.

ஸ்கோப்பின் குமிழில் ஒரு கிளிக் என்பது 0.1 மில்லிரேடியன் என்று குறித்திருந்தால், 100 மீட்டரில் அது 1 செ.மீ., 50 மீட்டரில் அரை செ.மீ. ஆக, இடப்பக்கம் 6 கிளிக், மேலே 9 கிளிக். சில ஸ்கோப்புகளில் கிளிக்கின் அளவு கோண நிமிடத்தில் கால் பங்கு. அது 100 மீட்டரில் 7.3 மி.மீ., 50 மீட்டரில் பாதி. அந்த ஸ்கோப்பில் 8 கிளிக், 12 கிளிக். குமிழில் போட்டிருக்கும் அம்புக்குறி குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது. குண்டு கீழே பட்டால் மேல் அம்பின் பக்கம் திருக வேண்டும்.

வேலை இவ்வளவுதான். ஆனால் ரேஞ்சில் அதிகம் காணக்கிடைப்பது வேறொரு காட்சி. ஒரு குண்டு சுடுகிறார். வலப்பக்கம் போயிற்று. உடனே இடப்பக்கம் நாலு கிளிக். அடுத்த குண்டு இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் மூன்று கிளிக். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்த பிறகும் ஜீரோ வந்தபாடில்லை. ‘ஸ்கோப் சரியில்லை’ என்று முடிவுக்கு வருகிறார். ஸ்கோப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அவர் துரத்திக்கொண்டிருப்பது தற்செயலை.

ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே கை என்றாலும் குண்டுகள் ஒரே துளையில் விழுவதில்லை. தோட்டாவுக்குத் தோட்டா மருந்தின் வேகம் மாறும். .22 குண்டில் நொடிக்கு 10 மீட்டர் வேகம் கூடக் குறைய இருந்தாலே 50 மீட்டரில் 7 மி.மீ. மேலே கீழே போகும். குழலின் அதிர்வு, மூச்சு, இதயத் துடிப்பு, விரல் விசையை இழுக்கும் விதம் எல்லாம் இதோடு சேரும். நம் உதாரணத்தில் பக்கவாட்டுச் சிதறல் தனிக் குண்டுக்குச் சுமார் 7 மி.மீ. ஒரே ஒரு குண்டை நம்பித் திருகினால் பிழை ஒரு கிளிக்கைவிடப் பெரிதாக இருக்கலாம். ஐந்தின் சராசரியை நம்பினால் பிழை 3 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், ஒரு கிளிக்குக்கும் கீழ். மூன்றாவது குண்டு 3.8 செ.மீ. தள்ளிப் பட்டதைப் பார்த்தவுடன் 8 கிளிக் திருகியிருந்தால், ரைபிள் இடப்பக்கம் 1 செ.மீ. தப்பும்படி அமைந்திருக்கும். பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு குண்டுகள் சுட வேண்டும். வர்க்கமூலத்தின் விதி அது. ஐந்து, அல்லது ஐந்து ஐந்தாக இரண்டு குரூப் என்று நல்ல சுடுநர்கள் நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

பாடிக்கு வந்த புனல்

இந்த விதி ரேஞ்சுக்கு மட்டும் சொந்தமல்ல. தரக்கட்டுப்பாட்டு வகுப்புகளில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு புனலை வைத்து இதைக் காட்டுவார். புனல் வழியே கோலிக்குண்டை மேசைமேல் விடுவது, அது குறித்த புள்ளியை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பது. புனலைத் தொடாமல் திரும்பத் திரும்ப விட்டால் கோலிகள் குறியைச் சுற்றிச் சிதறும். ஒவ்வொரு முறையும் விலகியதற்கு நேர் எதிர்ப் பக்கம் புனலை நகர்த்திக்கொண்டே வந்தால்? சிதறல் குறையும் என்று மனம் சொல்லும். உண்மையில் கூடும். கணக்குப்படி சிதறலின் மாறுபாடு சரியாக இரண்டு மடங்காகும், பரவும் அகலம் சுமார் 40 சதவீதம் கூடும். ஒவ்வொரு திருத்தமும் முந்தைய கோலியின் தற்செயலை அடுத்த கோலியின் தலையில் ஏற்றிவிடுகிறது.

இந்தப் பாடம் நம் பக்கத்துக்கு நன்றாகத் தெரிந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் விருது பெற்றது. இந்தியாவில் அந்த விருதை முதலில் வாங்கியது அதுதான். பிஸ்டன் கடையும் லேத்தில் ஒரு பீஸ் சில மைக்ரான் கூடிவிட்டது என்று ஆபரேட்டர் உடனே டூலை நகர்த்தினால், நல்ல மெஷினிலிருந்து மோசமான பீஸ்கள் வரத் தொடங்கும். சில பீஸ்களை அளந்து, சராசரி நகர்ந்திருந்தால் மட்டும் கை வைக்க வேண்டும். ஸ்கோப்பின் குமிழும் அந்த லேத்தின் திருகும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

குரூப்பைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். குரூப்பின் நடு எங்கே இருக்கிறது? குரூப் எவ்வளவு அகலம்? நடு தள்ளியிருந்தால் குமிழ் தீர்த்துவைக்கும். அகலம் அதிகமென்றால் குமிழால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தளர்ந்த திருகாணி, ஒத்துவராத தோட்டா, வெடிச் சத்தத்துக்கு முன்கூட்டியே அஞ்சும் தோள் என்று வேறு இடத்தில்தான் காரணம் தேட வேண்டும். போட்டிக்குச் சுடுபவர்கள் ஒரே கம்பெனித் தோட்டாவிலும் லாட் எண் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். லாட் மாறினால் நடுவும் மாறும், அகலமும் மாறும்.

ஒரே குண்டை நம்பலாமா?

அப்படியானால் ஒரு குண்டை வைத்து எப்போதுமே முடிவெடுக்கக் கூடாதா? எடுக்கலாம். இந்தியா கண்ட மிகப் பிரபலமான உதாரணம் 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். 10 மீட்டர் ஏர் ரைபிளில் 596 புள்ளிகளுடன் நான்காவதாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தவர் அபினவ் பிந்த்ரா. இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சிச் சுடுதலில் அவர் குண்டு நடுவை விட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது. சைட்டை யாரோ திருகியிருக்க வேண்டும் என்ற சந்தேகத்தைப் பிற்பாடு தம் சுயசரிதையில் எழுதினார். இருந்த சில நிமிடங்களுக்குள் சைட்டைத் திருத்திக்கொண்டார். இறுதிச் சுற்றின் முதல் குண்டு 10.7. கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் அவரும் சமநிலை. ஹக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. மொத்தம் 700.5, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

சற்றுமுன் சொன்ன விதியை அவர் மீறினாரா? மீறவில்லை. பல ஆண்டுகள், பல்லாயிரம் குண்டுகள் சுட்டவர்களுக்குத் தங்கள் சிதறலின் அகலம் அத்துப்படி. அந்த அகலத்துக்குள் விழும் குண்டு செய்தி எதையும் சொல்வதில்லை. அதற்கு வெகு வெளியே விழும் ஒரே குண்டு போதும், ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்துவிடும். தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிய ஒரே புள்ளிக்கு மெஷினை நிறுத்துவதும் இதே காரணத்தால்தான். தன் குரூப்பின் அளவு தெரியாதவருக்கு இந்தச் சலுகை இல்லை. எது தற்செயல், எது மாற்றம் என்று பிரிக்க அவர் கையில் அளவுகோல் இருக்காது.

ஜீரோ நகரும்

ஒருமுறை போட்ட ஜீரோ நிரந்தரமும் அல்ல. வெயிலில் காற்றின் அடர்த்தி குறைகிறது, தோட்டா மருந்து சூடேறி வேகம் கூடுகிறது, பயணத்தில் ஸ்கோப் அடிபடுகிறது. சர்வதேசப் போட்டிகளில் புள்ளிக் கணக்கு தொடங்குமுன் தயாராகவும் சைட்டைச் சரிபார்க்கவும் 15 நிமிடம் தருவது இதற்காகவே. அந்த நேரத்தில் எத்தனை குண்டுகள் வேண்டுமானாலும் சுடலாம்.

டாங்கியில் இந்த நகர்வு இன்னும் பெரிது. பல மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழலின் ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் பட்டால் அந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டு குழல் வளைகிறது. வாய்ப்பகுதி அரை மில்லிரேடியன் சாய்ந்தால் 2 கி.மீ. தூரத்தில் 1 மீட்டர் தப்பும். டாங்கிக் குழல்களுக்கு மேல் உறை போட்டிருப்பது வெப்பம் சீராகப் பரவத்தான். ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்ஜுனில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. குழலின் வாயருகே பொருத்திய குறியைச் சைட்டோடு ஒப்பிட்டு, குழல் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கன்னர் தெரிந்துகொள்ளலாம். அந்த அளவைக் கணினி அடுத்த குண்டின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இங்கே கணினி திருத்துவது அளந்தறிந்த வளைவை. தற்செயலான சிதறலை அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

புது ரைபிளோடு ரேஞ்சுக்குப் போகிறவர் தோட்டாப் பெட்டியோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போவது நல்லது. தூரம், தோட்டாவின் பெயரும் லாட் எண்ணும், வெயிலா மேகமா, குரூப்பின் நடு, குரூப்பின் அகலம், எத்தனை கிளிக் திருகினோம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினால் போதும். பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்ததும் அந்த ரைபிளின் சிதறல் எவ்வளவு என்று அதன் சொந்தக்காரருக்கே தெளிவாகிவிடும். அதற்குப் பிறகு எந்தக் குண்டைப் பார்த்துக் குமிழைத் தொட வேண்டும், எதைப் பார்த்துச் சும்மா இருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.